கிண்ட்லிங்: சுள்ளி பற்றிக்கொள்ளும் கதை

வலிப்பு பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் தமிழில் சொல்ல உட்கார்ந்தால், சீக்கிரமே காலை வாரிவிடும் சொல் 'கிண்ட்லிங்'. அகராதியைக் கேட்டால் அடுப்பு பற்றவைக்கிற சுள்ளி என்னும். எலியின் மூளைக்குள் சுள்ளிக்கு என்ன வேலை?

கனடாவில் கிரஹாம் காடார்ட் என்ற உளவியலாளர் 1960களில் எலிகள் எப்படிக் கற்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். வலிப்பு அவர் தேடிய விஷயமே இல்லை. எலியின் மூளையில் அமிக்டலா என்ற பகுதிக்குள் மெல்லிய கம்பியை இறக்கி, தினமும் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தார். முதல் நாள் எலி அதைக் கண்டுகொள்ளக்கூட இல்லை. நாள் போகப் போக வாயும் முகமும் துடிக்கும். அப்புறம் தலை ஆடும், முன்னங்கால் வெட்டும். கடைசியில் பின்னங்காலில் எழுந்து நின்று, தடாலென்று விழும். இந்தப் படிகளை ரொனால்ட் ரேசின் 1972இல் ஐந்தாக வகுத்தார். இன்றும் ஆய்வகங்களில் அந்தக் கணக்குத்தான்.

கவனிக்க வேண்டியது, மின்சாரத்தின் அளவு கூடவே இல்லை. முதல் நாள் கொடுத்த அதே துளி மின்சாரம்தான் கடைசி நாளும். மாறியது மூளை. தீக்குச்சி அதேதான், விறகுதான் காய்ந்துகொண்டே வந்திருக்கிறது. காடார்ட் இதை 1967இல் வெளியிட்டார். 1969இல் சகாக்களோடு எழுதிய விரிவான கட்டுரைக்குப் பிறகு 'கிண்ட்லிங்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. தீ மூட்டுவதைக் குறிக்கும் பழைய ஸ்காண்டிநேவிய மொழிச் சொல் ஒன்று அதன் வேர். (முயல் குட்டி போடுவதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் சொல்வார்கள். முயலை வைத்து ஆய்வு செய்பவர் பாடு திண்டாட்டம்தான்.)

மின்சாரத்துக்குப் பதில் மருந்தை வைத்தும் இது நடக்கும். 1970களில் ராபர்ட் போஸ்ட் குழுவினர் காட்டியது இதைத்தான்: முதலில் வலிப்பே வராத அளவு கோக்கைனைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், ஒரு கட்டத்தில் அதே அளவுக்கே வலிப்பு வந்துவிடுகிறது. பல் மருத்துவர் ஊசியில் போடும் லிடோகைனும் இப்படியே. இரண்டுக்கும் பொது, போட்ட இடத்தை மரத்துப்போகச் செய்யும் குணம். ஆம்ஃபெட்டமின் வேறு ரகம். அதை இப்படித் தொடர்ந்து கொடுத்தால் பெரும்பாலும் எலியின் ஓட்டமும் முகர்தலும்தான் கூடும். அதை 'கூருணர்வாதல்' எனலாம், கிண்ட்லிங் என்று சொல்லக் கூடாது. கோக்கைன், ஆம்ஃபெட்டமின் போன்றவற்றை 'ஊக்கமருந்து' என்று எழுதுவதும் சிக்கல்தான். படிப்பவருக்கு உடனே ஓட்டப்பந்தய வீரரின் சிறுநீர்ப் பரிசோதனை ஞாபகம் வரும். 'தூண்டுமருந்து' என்றால் தொல்லை இல்லை.

சரி, மூளை இன்னும் முழுதாக வளராத எலிக்குட்டிகளிடம் இது எப்படி? எலிக்குட்டி கண் திறக்கப் பிறந்து இரண்டு வாரம் ஆகும். கண் திறந்து ஓரிரு நாளான குட்டிகளை வைத்து சாலமன் மோஷே என்ற ஆய்வாளர் 1980களில் கிண்ட்லிங் சோதனைகள் செய்தார். வளர்ந்த எலிக்கு ஒரு வலிப்பு வந்தால் மூளை கொஞ்ச நேரம் ஓய்ந்துகிடக்கும், அடுத்தது சட்டென்று வராது. குட்டிக்கு அந்த ஓய்வு மிகக் குறைவு. கால் மணிக்கு ஒரு முறை தூண்டினாலும் வலிப்பு வந்துகொண்டே இருக்கும். நடுமூளையில் வலிப்பை அடக்கும் பகுதி இன்னும் முதிராததை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

அதற்காக, குட்டிக்குக் கொடுக்கிற தூண்டுமருந்தெல்லாம் வலிப்பை வளர்க்கும் என்று முடிவு கட்டிவிட முடியாது. மூளையைத் தணிக்கிற அடினோசினைத் தடுக்கும் கஃபீன், அளவு மீறினால் வலிப்பைக் கொண்டுவரும். ஆனால் பிறந்த முதல் வாரத்தில் கஃபீன் பெற்ற எலிகள் வளர்ந்த பிறகு, வலிப்பூட்டும் சில மருந்துகளுக்கு மற்ற எலிகளைவிடத் தாக்குப்பிடித்தன. கொடுத்த வயது, அளவு, எப்போது சோதித்தோம் என்பதெல்லாம் சேர்ந்துதான் பதில்.

இனி தமிழ்ச் சொல். 'வலிப்பு' நம்மிடம் பழையது. வலித்தல் என்றால் இழுத்தல், துடுப்பு வலிப்பதும் அதுதான். அதோடு எதைச் சேர்ப்பது? 'மூட்டு' என்று நிறுத்தினால் முழங்கால் வலி மாத்திரை நினைவுக்கு வரும். 'வலிப்புப் பழக்கம்' என்றால் காடார்டின் கற்றல் ஆய்வோடு அழகாகப் பொருந்தும், ஆனால் நோயாளியே தேடிக்கொண்ட கெட்ட பழக்கம்போல ஒலிக்கும். என் ஓட்டு 'வலிப்பு மூட்டல்' என்பதற்கே. ஒரு குறை உண்டு: அடுப்புத் தீ சாம்பலாகிவிடும், மூட்டிய மூளை அப்படியே இருக்கும். வாரக்கணக்கில் விட்டுவிட்டு மறுபடி தூண்டினாலும் அந்த எலி எழுந்து நின்று விழுகிறது. அந்தக் குறை ஆங்கிலச் சொல்லிலும் உண்டு என்பதால் பொறுத்துக்கொள்கிறேன். வினையாக எழுதும்போது 'கோக்கைனால் மூட்டப்பட்ட எலி' என்று போட்டால் வாசகர் எலியை அடுப்பில் வைத்ததாக நினைத்துவிடுவார். 'கோக்கைனால் வலிப்பு மூட்டப்பட்ட எலி' என்றே எழுதுங்கள்.