தாலியும் தாளும்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் உள்ள என் வக்கீல் அலுவலகத்துக்கு ஒரு அம்மா வந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கையில் ஒரு கடைப்பை. அதற்குள் மின்கட்டண ரசீதுகள், கட்டில் வாங்கிய தவணை அட்டை, மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று ஒரே நிறச் சேலையில் இரண்டு பெண்கள் நிற்கும் போட்டோ. பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தவர் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"வீட்டுச் சாவியக் கொடுன்னு அவ அண்ணன் வந்து நிக்கிறாரு, வக்கீலம்மா. நாங்க சாமி முன்னாடி மாலை மாத்திக்கிட்டோமே, அது கணக்குல வராதா?"

(யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

வரும் என்றும் சொல்ல முடியவில்லை, வராது என்றும் சொல்ல முடியவில்லை. மாலை மாற்றியது சட்டப்படி திருமணம் ஆகாது. ஆனால் உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், நிரந்தரமாகச் சேர்ந்து வாழ்ந்த தன்பால் துணைக்கும் வாழ்க்கைத்துணையின் பங்கு உண்டு என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2006இல் கோரி வழக்கில் சொல்லிவிட்டது. தன்பால் திருமணத்துக்கு வழிவிடும் சட்டம் வந்த பிறகும் அந்த உரிமை போகவில்லை என்று 2016இல் டூப்ளான் வழக்கில் உறுதிப்படுத்தியது. பிள்ளைகள் இல்லாததால் சொத்து முழுவதும் இந்த அம்மாவுக்குத்தான். அண்ணனுக்கு ஒன்றுமில்லை.

சரி, அப்படியானால் சிக்கல் எங்கே? நிரூபிப்பதில். ஒருவரை ஒருவர் தாங்குவது என்ற பொறுப்பை இருவரும் ஏற்றிருந்தார்கள் என்று காட்ட வேண்டும். அண்ணன் தரப்பு ஒரு மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) படிவத்தின் நகலை நீட்டியது. அதில் உறவுமுறை எழுதும் கட்டத்தில், இறந்தவர் தன் கைப்பட எழுதியிருந்தது: 'கசின்'. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் ஒன்றுவிட்ட அக்கா தங்கை, வேலையிடத்தில் வாடகையைப் பகிரும் தோழி. ஊர் வாய்க்குப் பயந்து இத்தனை வருடம் சொன்ன பொய்யெல்லாம் இப்போது எதிர்த்தரப்புக்குச் சாட்சியாகிவிட்டது. இந்த மாதிரி வழக்குகளில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். எதிரே கொடியவர் யாரும் இருக்கத் தேவையில்லை. தங்களைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய்யே போதும். பிரமாண வாக்குமூலங்கள் வாங்கித் தெருத்தெருவாக அலைந்தோம். திருமணச் சான்றிதழ் என்ற ஒரே ஒரு தாள் இருந்திருந்தால் இந்த அலைச்சல் எதுவும் இல்லை.

அந்தத் தாள் கிடைக்காத காலமும் இல்லை. பாலீர்ப்பை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று இந்த நாட்டின் 1996 அரசியலமைப்பில் 9ஆம் பிரிவு சொல்கிறது. 2005 டிசம்பர் 1 அன்று ஃபூரி வழக்கில் நீதிபதி ஆல்பி சாக்ஸ் எழுதிய தீர்ப்பு, ஓராண்டுக்குள் சட்டத்தைச் சரிசெய்யச் சொல்லி நாடாளுமன்றத்துக்குக் கெடு வைத்தது. கெடு முடிய ஒரு நாள் இருக்கையில், 2006 நவம்பர் 30 அன்று, சிவில் யூனியன் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தன்பால் திருமணத்தை அனுமதித்ததில் உலகில் ஐந்தாவது நாடு, ஆப்பிரிக்காவில் முதல் நாடு.

பெயரைக் கேட்டதும், இது திருமணத்துக்கு ஒரு படி கீழே என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இல்லை. 'திருமணம்' என்றே பதியலாம், 'சிவில் பார்ட்னர்ஷிப்' என்றும் பதியலாம். எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் சட்ட விளைவு 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தில் உள்ளதேதான்.

"இதெல்லாம் நம்ம பழக்கமா?" என்று கேட்பவர்களுக்கு நான் வேதம் ஓதுவதில்லை. 1913ஐ நினைவுபடுத்துவேன். அந்த மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் தந்த தீர்ப்பால், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத நம் திருமணங்கள் சட்டத்தின் கண்ணில் திருமணமே இல்லை என்றாயிற்று. தாலி கட்டிய நம் பாட்டிமார் ஒரே நாளில் மனைவி என்ற பெயரை இழந்தார்கள். அதை எதிர்த்தும்தான் அந்த வருடம் பெண்கள் சிறைக்குப் போனார்கள். சிறையிலிருந்து நோயோடு வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று ஜோஹானஸ்பர்க்கில் இறந்தபோது வயது பதினாறு. ஒரு சட்டம் வீட்டுக்குள் புகுந்து 'நீ யார் இவருக்கு?' என்று கேட்டால் எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்றைக்கும் ஆண் பெண் தம்பதியரே இதில் வழுக்கி விழுகிறார்கள். கோயிலில் முகூர்த்தம் முடிந்து ஆயிரம் பேர் சாப்பிட்டிருப்பார்கள், பதிவு மட்டும் செய்திருக்க மாட்டார்கள். அப்படி விதவையான ஒருவருக்கு வாரிசு உரிமை கிடைக்க, டர்பன் உயர் நீதிமன்றம் 2008இல் கோவேந்தர் வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. தாலி வேறு, தாள் வேறு.

தன்பால் தம்பதியருக்கு இன்னும் ஒரு நுணுக்கம். உங்கள் ஐயர் பதிவு அதிகாரியாகவே இருக்கலாம். அது பழைய திருமணச் சட்டத்தின் கீழ் மட்டுமாக இருக்கலாம். அவருடைய சமய அமைப்பு சிவில் யூனியன் சட்டத்தின் கீழும் அனுமதி வாங்கியிருந்தால்தான் அவர் பதிய முடியும். எந்தச் சமய அமைப்பையும் இதற்குக் கட்டாயப்படுத்த முடியாது. அதனால் சடங்கை வீட்டில் வைத்துக்கொண்டு, பதிவை ஹோம் அஃபேர்ஸில் (அரசின் உள்துறை அலுவலகத்தில்) முடித்துவிடுங்கள்.

அங்கே முன்பு ஒரு தொல்லை இருந்தது. மனச்சாட்சி ஒப்பவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு அரசு அதிகாரிகள் விலகிக்கொள்ளலாம். என்னிடம் வந்த இரண்டு பையன்களை ஒரு அலுவலகத்தில் மூன்று முறை "இன்னிக்கு அந்த ஆபீசர் இல்ல" என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்கு இடம் தந்த சிவில் யூனியன் சட்டத்தின் 6ஆம் பிரிவை 2020இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. இனி அப்படி யாராவது சொன்னால் மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

சொத்து ஒப்பந்தத்தைக் கல்யாணத்துக்கு முன்பே செய்யுங்கள். தேன்நிலவுக்குப் போய்வந்து கேட்கிறார்கள்! ஒப்பந்தம் இல்லாமல் மணந்தால் சொத்தும் கடனும் இருவருக்கும் பொது. துணைவரின் கடை நொடித்தால் உங்கள் வீடும் சேர்ந்து போகும். மணநாளுக்கு முன் நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு, மூன்று மாதத்துக்குள் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிந்தால் கவலையில்லை. தவறவிட்டால் இருவருமாக உயர் நீதிமன்றம் போக வேண்டும். அந்தச் செலவுக்கு இன்னொரு கல்யாணமே பண்ணலாம்.

உயிலையும் கையோடு எழுதிவிடுங்கள். ஆனால் சொத்துப் பெறப்போகிற துணைவரையே சாட்சிக் கையெழுத்துப் போட வைக்காதீர்கள். போட்டால் அவருக்குச் சேர வேண்டியது கைநழுவிப் போகலாம். இன்னொன்று, இந்தச் சான்றிதழை இந்தியாவில் காட்டிக் கணவன் மனைவிக்கான விசா கேட்க முடியாது. தன்பால் திருமணத்தை அங்கீகரிக்க அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் மறுத்துவிட்டது.

பதிவுக்குப் போகும்போது இருவரின் அடையாள அட்டை வேண்டும். முன்பு மணமுறிவு ஆனவர் என்றால் அந்தத் தீர்ப்பின் நகல். பிறகு இரண்டு சாட்சிகள். இங்கேதான் பலர் தலையைக் குனிகிறார்கள், வீட்டிலிருந்து யாரும் வர மாட்டார்கள் என்று. சொந்தக்காரர்தான் வர வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அந்த இரண்டு பையன்களோடு நானும் எங்கள் அலுவலகத் தட்டச்சுக்கார அம்மாவும் போனோம். முதல் நாள் வரை "எனக்கு இதெல்லாம் புரியல மா" என்றிருந்தவர், காலையில் இரண்டு முழம் மல்லிகையோடு வந்து காரில் ஏறினார்.