லாட்ஜ் துண்டும் ஹெர்பிஸ் பயமும்

கம்பத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டுகிற தம்பி ஒருவன் முகம் வெளிறி வந்தான். குமுளியில் ஓர் இரவு லாட்ஜில் தங்கியவன், யாரோ போட்டுவிட்டுப் போன ஈரத்துண்டால் துவட்டியிருக்கிறான். மறுநாளே தொடையிடுக்கில் அரிப்பு. போனில் தேடினால் ‘ஹெர்பிஸ்’ என்று வந்ததாம். “வேற ஒண்ணும் இல்லண்ணே, சத்தியமா துண்டுதான்” என்றான்.

பெயரிலேயே ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பக்கம் ஹெர்பிஸ் என்றால் அக்கி என்பார்கள். காவிமண்ணைக் குழைத்து அக்கி எழுதுவார்களே, அது வேறு. சின்னம்மை வைரஸ் நரம்பில் பதுங்கியிருந்து, பல வருடம் கழித்து உடம்பின் ஒரு பக்கமாகக் கொப்புளம் போடுவது அது. தம்பி பயந்தது அதன் பங்காளியான ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸுக்கு. இதில் ஒன்றாம் வகை பெரும்பாலும் உதட்டில் வரும். வாய்வழி உறவால் கீழேயும் போகும். இரண்டாம் வகை பிறப்புறுப்பில். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 மதிப்பீட்டில், 50 வயதுக்குட்பட்டவர்களில் 64 சதவீதம் பேரிடம் ஒன்றாம் வகை இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது தெரியாது.

சரி, துண்டில் தொற்றுமா? இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறை ஒன்று உண்டு. செல்லுக்குள் நுழையும் சாவிகள் அந்த உறையில்தான் இருக்கின்றன. சோப்பு பட்டால் உறை கரையும். வெளியில் கிடந்து காய்ந்தாலும் வைரஸ் வலுவிழக்கும். நம் மேல்தோலின் காய்ந்த அடுக்கை அதனால் துளைக்கவும் முடியாது. வாய், பிறப்புறுப்பு போன்ற இடங்களின் ஈரத்தோலோ, ஒரு கீறலோ வேண்டும். அதன்மேல் தொற்றுள்ளவரின் தோலோ எச்சிலோ நேராகப் பட வேண்டும். அதனால் துண்டு, கழிப்பறை, கைகுலுக்கல் வழியாகப் பரவுவது நடைமுறையில் இல்லை என்றே சொல்லலாம். முத்தம் அப்படியல்ல. புண் இருக்கும்போது ஆபத்து அதிகம், ஆனால் புண் இல்லாத நாளிலும் வைரஸ் தோலில் கசியும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். மூடாத தோலை அது என்ன செய்யும்?

அடுத்தது நாள் கணக்கு. தொற்றிய 2 முதல் 12 நாளுக்குள்தான் அறிகுறி வரும், சராசரியாக 4 நாள். முதலில் ஓரிடத்தில் சுரீரென்ற குறுகுறுப்பு, எரிச்சல். அப்புறம் சிவந்த தோலில் கொத்தாக நீர்க்கொப்புளங்கள். அவை உடைந்து வலிக்கும் புண்ணாகும். முதல் தடவையில் காய்ச்சல் அடிக்கலாம், தொடையிடுக்கில் நெறி கட்டலாம், சிறுநீர் போகும்போது எரியலாம். ஆறிய பிறகு வைரஸ் முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்பு முடிச்சில் ஒதுங்கிவிடும். மறுபடி வந்தால் பெரும்பாலும் லேசாகத்தான் வரும்.

தம்பிக்கோ மறுநாளே அரிப்பு, கொப்புளமும் இல்லை. தோல் டாக்டர் படர்தாமரை என்றார். மழைக்காலத்தில் ஈர உடுப்போடு நாள் முழுக்க ஜீப் சீட்டில் உட்கார்ந்தால் அது வராமல் என்ன செய்யும்! கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பு அதை இன்னும் பரப்பியிருந்தது. ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று அடம்பிடித்தான். தொற்றியிருந்தாலும், வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும், இப்போது பார்த்து என்ன பயன்? கொப்புளம் இருந்தால் உடனே அதிலிருந்து பஞ்சில் எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை பார்ப்பதுதான் சரியான வழி. ஹெர்பிஸ் என்று தெரிந்தால் அசைக்ளோவிர் மாத்திரை இருக்கிறது. வைரஸை வேரோடு பிடுங்காது, பெருகாமல் தடுக்கும். முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால் நன்றாகக் கேட்கும்.

நிம்மதியாகக் கிளம்பியவன் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். அவன் அம்மாவுக்கு உதட்டோரம் சூட்டுக்கொப்புளம் வந்திருக்கிறதாம், அக்காவின் பத்து நாள் குழந்தையைக் கொஞ்சியபடியே இருக்கிறாராம். நான் அவனை உட்கார வைத்தேன். அந்தச் சூட்டுக்கொப்புளம் பெரும்பாலும் ஹெர்பிஸ்தான். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் மூளைவரை போய் உயிருக்கே ஆபத்தாகும். புண் முழுக்க ஆறும்வரை முத்தம் கூடாது, கை கழுவாமல் தூக்கக்கூடாது, குழந்தைக்குக் காய்ச்சலோ கொப்புளமோ கண்டால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டான்.