வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டா ஏன் கழன்றது? ஆரிகன் பாதையின் மரச்சக்கரங்கள்

ஆரிகன் பாதை, அமெரிக்காவில் குடியேறிகள் மாட்டு வண்டிகளில் மேற்கே போன வழி. மிசூரியின் இண்டிபெண்டன்ஸ் ஊரிலிருந்து ஆரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்கு வரை 3,200 கி.மீ.க்கு மேல். 1843-இல் சுமார் ஆயிரம் பேர் ஒரே பருவத்தில் அந்த வழியே கிளம்பினார்கள். போய்ச் சேர நான்கு முதல் ஆறு மாதம். சினிமாவில் குதிரைகள் வண்டியை இழுத்துக்கொண்டு பறக்கும். உண்மையில் பெரும்பாலான வண்டிகளை இழுத்தவை எருதுகள். இரண்டு அல்லது மூன்று ஜோடி பூட்டினால் மணிக்கு 3 கி.மீ., நல்ல நாளில் 25 கி.மீ. ஓட்டுபவரும் மாட்டின் இடப்பக்கம் நடந்தே வந்தார். எருது கோவேறு கழுதையைவிட மலிவு, கண்ட புல்லையும் தின்று தாக்குப்பிடிக்கும். ஆனால் அந்தப் புல் வளர ஏப்ரல் கடைசி, மே ஆகிவிடும். அதற்கு முன் கிளம்ப வழியில்லை. பனி விழுமுன் மலையைத் தாண்டியாகவும் வேண்டும். ஆகவே வழியில் வண்டி பழுதாகி நிற்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து.

வண்டிப் பெட்டி சுமார் 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். வெறும் வண்டி 600 கிலோ, சுமை ஒரு டன் வரை. 1845-இல் வந்த ஒரு வழிகாட்டி நூல் தலைக்கு 200 பவுண்டு மாவும் 150 பவுண்டு பன்றிக்கறியும் எடுத்துக்கொள்ளச் சொன்னது. நான்கு பெரியவர்கள் என்றால் இதுவே 630 கிலோவைத் தாண்டும். இவ்வளவு எடையும் வில் (ஸ்பிரிங்) இல்லாத மர அச்சு வழியாக நான்கு சக்கரங்களில் இறங்கியது.

சக்கரத்தின் நடுவில் குடம், அதில் செருகிய ஆரக்கால்கள், அவற்றின் நுனியில் வளைவான வட்டைத் துண்டுகள். இவை அனைத்தையும் இறுக்கிப் பிடிப்பது வெளியே உள்ள இரும்புப் பட்டா. சக்கரத்தைக் கட்டியது ஈரமான மிசூரிப் பக்கத்துக் காற்றில். வழியில் வரும் பிளாட் ஆற்றை ஒட்டி மேற்கே போகப்போகக் காற்று வறண்டுவிடும். மரம் இழை நீளத்தில் அதிகம் சுருங்காது, இழைக்குக் குறுக்கே நன்றாகவே சுருங்கும். அதனால் ஆரக்காலின் நீளம் அப்படியே இருக்க, குடத்தில் செருகிய அதன் நுனி மெலிந்து ஆடத் தொடங்கும். குடமும் வட்டையும் தடிமன் குறையும். மொத்தத்தில் விட்டம் 5 மி.மீ. குறைந்தாலே சுற்றளவு 16 மி.மீ. குறைந்துவிடும். இரும்பு வறட்சியில் சுருங்குவதில்லை. பட்டா தளர்ந்து, கல்லில் ஒரு மோதலுக்குக் கழன்று உருண்டோடும்.

எளிய வைத்தியம், இரவில் சக்கரத்தைக் கழற்றி ஆற்றில் ஊறப்போடுவது. மரம் உப்பிப் பட்டாவை இறுக்கும், காலையில் வண்டி கிளம்பும். இதில் ஒரு வம்பு உண்டு: உப்பும் மரத்தைப் பட்டா தடுப்பதால் அதன் இழைகள் நசுங்கிவிடும். மறுபடி காயும்போது முன்னைவிட அதிகமாகவே தளரும். பட்டாவுக்கும் வட்டைக்கும் நடுவே மர ஆப்பு அடிப்பதும் சில நாள் சமாளிப்புதான்.

நின்று செய்தால் உருப்படியான வழி ஒன்று இருந்தது. பட்டாவைக் கழற்றி, வட்டையைச் சுற்றி மெல்லிய மரப்பட்டியை ஆணியடித்துப் பொருத்துவார்கள். பிறகு பட்டாவை நெருப்பிலிட்டுச் சிவக்கக் காய்ச்சுவார்கள். 1.25 மீட்டர் விட்டமுள்ள பின்சக்கரத்தின் பட்டா, 600 டிகிரி சூடேறினால் சுற்றளவில் சுமார் 3 செ.மீ. விரியும். அந்தச் சூட்டிலேயே மாட்டி, மரம் பற்றிக்கொள்ளுமுன் தண்ணீர் ஊற்றினால் இரும்பு சுருங்கி எல்லா மூட்டுகளையும் கவ்விப் பிடிக்கும். மரமே இல்லாத சமவெளியில் இதற்கு எரிபொருள் தேடுவதுதான் பெரும்பாடு. சமைக்கவே காய்ந்த காட்டெருமைச் சாணத்தைப் பொறுக்கினார்கள். வழியிலிருந்த லாரமி கோட்டையில் கொல்லர் இருந்தார் என்பதால் பலர் அதுவரை ஆப்பு அடித்தே ஓட்டினார்கள்.

அச்சுக்குப் போடும் வண்டி மை, பைன் மரத் தாரும் மாட்டுக் கொழுப்பும் கலந்தது. அதன் வாளி பின்னால் தொங்கும். மை போடாத அச்சு சூடேறித் தேயும்.

இதே சக்கரம் மைல் கணக்குக்கும் உதவியது. 1847-இல் மேற்கே குடிபெயர்ந்த மார்மன் மதக் குழுவிலிருந்த வில்லியம் கிளேட்டன், 14 அடி 8 அங்குலச் சுற்றளவுள்ள சக்கரத்தில் சிவப்புத் துணி கட்டி, நாள் முழுக்கச் சுற்றுகளை எண்ணினார். 360 சுற்று சரியாக ஒரு மைல். மே 8 அன்று 4,070 சுற்று எண்ணி, பதினொன்றே கால் மைல் என்று குறித்தார். இதை எண்ணியே மனிதர் அலுத்துப்போனதில் ஆச்சரியமில்லை. அடுத்த சில நாட்களில் குழுவினர் சுற்றுகளைத் தானே எண்ணும் பல்சக்கரக் கருவி ஒன்றைச் செய்துகொண்டார்கள்.

மலைப்பகுதியில் சக்கரமோ அச்சோ சரிசெய்ய முடியாதபடி போனால், வழியில் யாரோ கைவிட்ட வண்டியிலிருந்து பாகம் கழற்றுவார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் பெட்டியைக் குறுக்கே அறுத்து, நல்ல சக்கரங்கள் இரண்டில் ஏற்றிப் பாதி வண்டியாக ஓட்டுவார்கள். ஏற்ற இடமில்லாத அடுப்பும் அலமாரியும் பாதையோரத்தில் கிடக்கும். மாவு மூட்டையை மட்டும் கடைசிவரை இறக்கமாட்டார்கள்.