புறமுதுகு காட்டி எய்த அம்பு

கி.மு. 53. இன்றைய துருக்கியின் ஹர்ரான் நகருக்கு அருகே, கர்ரே சமவெளி. பின்வாங்கி ஓடிய பார்த்திய வில்லாளிகளை, ரோமத் தளபதி கிராசஸின் மகன் புப்லியஸ் 1,300 குதிரைவீரர்களோடு விரட்டிப் போனார். ஈட்டி முனையில் செருகிய அவருடைய தலைதான் தந்தையின் கண்முன் திரும்பி வந்தது.

காஸ்பியன் கடலுக்குத் தென்கிழக்கே எழுந்து, மெசபடோமியா வரை பரவி, கி.பி. 224 வரை நிலைத்த பேரரசு பார்த்தியருடையது. ஓடும் குதிரையில் இடுப்புக்கு மேலே திரும்பி, துரத்துகிறவன்மேல் அம்பு விடுவது அவர்கள் கைவந்த கலை. சேணத்தில் கால் ஊன்றும் அங்கவடி அப்போது கிடையாது. தொடையால் சேணத்தைக் கவ்வியபடியே இதைச் செய்தார்கள்.

முதலில் வில்லைப் பார்ப்போம். ஒரு பச்சைக் குச்சியை வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் இழுபட்டுத் தெறிக்கும், உள்பக்கப் பட்டை நசுங்கிச் சுருங்கும். அதிகம் வளைய வேண்டுமென்றால் மரவில் நீளமாக இருந்தாக வேண்டும். நீள வில்லைக் குதிரையின் கழுத்துக்கு மேலே இடமும் வலமும் வீச முடியாது. அதற்கான தீர்வுதான் கூட்டுவில். நடுவில் மெல்லிய மரம். எய்பவரைப் பார்த்த பக்கம், நசுக்கலைத் தாங்கும் கொம்பு. எதிரியைப் பார்த்த பக்கம், இழுவிசையைத் தாங்கும் விலங்கின் தசைநார். மூன்றையும் விலங்குப் பசை பிடித்து நிறுத்தும். நாணைக் கழற்றினால் வில் எதிர்ப்புறமாக வளைந்து நிற்கும். அதனால் நாணேற்றும்போதே அதில் விசை ஏறிவிடுகிறது. குட்டையான வில்லுக்கு அத்தனை வலு. ஈரம் பட்டால் பசை இளகிவிடும். மேற்காசியாவின் வறண்ட காற்று அதற்கு ஏற்றதாக இருந்தது.

இன்னொரு நுட்பம் என்னை எப்போதும் வியக்க வைக்கும். வில் அம்பை விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் தள்ளுவதாகவும், இருவர் குதிரைகளும் 12 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகவும் கொள்வோம். முன்னால் ஓடுகிறவன் பின்னோக்கி எய்தால் காற்றில் அம்பின் வேகம் 38 மீட்டர்தான். ஆனால் எதிரியே அதை நோக்கிப் பாய்ந்து வருவதால் கணக்கு மறுபடி 50 ஆகிறது. துரத்துகிறவன் எய்தாலும் இலக்கு விலகி ஓடுவதால் அதே 50தான்; ஆனால் அவனுடைய அம்பு 62 மீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்தாக வேண்டும். காற்றுத்தடை ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆக, குதிரை ஓட்டத்தில் முகத்தில் அறையும் காற்று, திரும்பி எய்கிறவனுக்குப் பின்காற்றாக உதவுகிறது!

கர்ரேயில் ரோமர்கள் சுமார் 40,000 பேர். பார்த்தியத் தளபதி சுரேனாவிடம் ஏறத்தாழ 10,000 குதிரைவீரர்கள். அம்பறாத்தூணிகள் எப்படியும் காலியாகும் என்ற நம்பிக்கையில் ரோமர்கள் கேடயங்களை நெருக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். களத்தின் ஓரத்தில் ஒட்டகங்கள் நின்றன. முதுகில் அம்புக் கட்டுகள். தூணி காலியானவர்கள் அங்கே போய் நிரப்பிக்கொண்டு திரும்பினார்கள். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான், வேறு வழி தெரியாமல், பார்த்தியரைத் துரத்தும்படி கிராசஸ் தன் மகனை அனுப்பினார்.