ஓடும்போதே நின்றுபோகும் கார்: பாகத்தை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

"போய்ட்டே இருக்கறப்ப பொசுக்குனு நின்னு போச்சு தம்பி. கொஞ்ச நேரம் விட்டு செல்ஃப் அடிச்சா எடுத்துக்குது." பட்டறைக்கு வரும் புகார்களில் எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். ஸ்டார்ட்டே ஆகாத வண்டி வீட்டு வாசலில் நிற்கும், யாருக்கும் ஆபத்தில்லை. ஓடும்போது அணையும் வண்டி அப்படியல்ல. நம் டெல்டா சாலைகள் பலவற்றில் ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் வாய்க்கால், ஒதுங்க மண் கிடையாது. பின்னால் நெல் மூட்டை ஏற்றிய லாரி வந்துகொண்டிருக்கும். அங்கே எஞ்சின் அணைந்தால் ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு.

திரும்ப ஸ்டார்ட் ஆகிவிட்டதால் சரியாகிவிட்டது என்று நினைத்து மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அப்படி ஓட்டாதீர்கள். தானாக வந்த கோளாறு தானாகப் போவதில்லை. அடுத்த முறை எந்த இடத்தில் வரும் என்பதும் நம் கையில் இல்லை.

அணைந்த அந்த நேரத்தில் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங் திடீரென்று கல்லாகக் கனக்கும், ஆனால் திரும்பும். இரண்டு கையாலும் பலமாகப் பிடித்துத் திருப்புங்கள். பிரேக் பூஸ்டரில் ஓரிரண்டு மிதிக்குத்தான் காற்றழுத்த உதவி மிச்சம் இருக்கும். அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வண்டி முழுக்க நிற்கும் வரை சாவியை ஆஃப் பக்கம் திருப்பவே கூடாது. ஸ்டீயரிங் லாக் விழுந்தால் வண்டி நேரே வாய்க்காலுக்குத்தான் போகும். நான்கு இண்டிகேட்டரையும் போட்டு இடது பக்கம் ஒதுக்கி, ஆட்களை இறக்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். செல்ஃப் அடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இனி பட்டறை விஷயம். ஒரு எஞ்சின் ஓட எரிபொருள், காற்று, பற்றவைப்பு மூன்றும் வேண்டும். இன்றைய வண்டிகளில் இவற்றை ஆட்டிவைப்பது ஈசிஎம் என்ற கம்ப்யூட்டர். அதற்குப் போகும் கரண்டோ, முக்கியமான சென்சார் சிக்னலோ ஒரு நொடி அறுந்தாலும் எஞ்சின் அணையலாம். எங்கே அறுந்தது என்பதைக் கண்டுபிடிக்க என்னிடம் இருக்கும் எந்தக் கருவியையும்விட, வண்டி ஓட்டியவர் சொல்லும் விவரம் பெரியது. ஏனென்றால் பட்டறைக்கு வந்து நிற்கும்போது அந்த வண்டி ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள். எஞ்சின் அணைந்த அந்தக் கணத்தில், எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் என்ன செய்தது? கியரில் கிளட்ச் மிதிக்காமல் உருண்டுகொண்டிருக்கும் வண்டியில், எரிபொருள் நின்றுபோனாலும் சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதனால் வேகம் குறையக் குறைய முள்ளும் இறங்கும். அப்படி இல்லாமல், வண்டி 60-ல் போய்க்கொண்டிருக்கும்போதே முள் மட்டும் பட்டென்று பூஜ்ஜியத்துக்கு விழுந்தால், எஞ்சின் சுற்றுவதை ஈசிஎம் பார்க்கவில்லை என்று பொருள். அந்தச் சுற்றை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் அல்லது அதன் ஒயர் பக்கம் பார்க்க வேண்டும். முள்ளோடு சேர்த்து மீட்டர் விளக்குகளும் அணைந்தால் பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர், மெயின் ரிலே, இக்னிஷன் சுவிட்ச் என்று வேறு பாதை. வெளியில் மாட்டிய ஜிபிஎஸ், அலாரம் இருந்தால் அவற்றின் இணைப்பையும் அவிழ்த்துப் பார்ப்பேன். இக்னிஷன் ஒயரை அறுத்து, முறுக்கி, டேப் சுற்றி விட்டிருக்கும் வேலைகள் ஏராளம்.

மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் பெட்ரோல் காரோடு வந்தார். வேறு இடத்தில் ஃப்யூல் பம்பு, ஸ்பார்க் பிளக், காயில் எல்லாம் மாற்றிய பில்லைக் கையில் வைத்திருந்தார். வண்டி மட்டும் நின்றுகொண்டே இருந்தது. "எப்ப நிக்குது அண்ணே?" என்று கேட்டேன். "ஊருக்குள்ள நுழையறப்ப வாய்க்கா பாலம் ஒண்ணு இருக்கு தம்பி. அதுல ஏறி எறங்கினா பாதி நாள் நின்னுடுது." முள்ளைப் பற்றிக் கேட்டேன், கவனிக்கவில்லை என்றார். அவர் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பாலத்தில் போகும்போது மீட்டரைச் செல்போனில் படம்பிடித்து வரச் சொன்னேன். வீடியோவில் தெளிவாக இருந்தது: விளக்குகள் அப்படியே இருக்க, முள் மட்டும் விழுகிறது.

ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால், பி0335 என்ற கோளாறு எண் (கோடு) பதிந்திருந்தது. இதைப் பார்த்தவுடன் கிராங்க் சென்சாரை மாற்றிவிடுவது பல இடங்களில் வழக்கம். ஆனால் அந்தக் கோடு சொல்வது சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்பது மட்டும்தான். சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. எஞ்சினை ஓடவிட்டு ஒயரிங்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் தொட்டவுடன் அணைந்தது. ஒயரைச் சுற்றியிருந்த மேல் குழாயைக் கீறிப் பார்த்தால், எலி கடித்த ஒயரில் இரண்டு மூன்று செம்பு இழைதான் மிச்சம், அதுவும் பச்சைப் பூத்திருந்தது. பக்கத்திலேயே வைக்கோல் துணுக்கும் நெல் உமியும் சேர்த்துக் கட்டிய கூடு. ஒயரை வெட்டி, சால்டர் வைத்து, உறை போட்டதோடு வேலை முடிந்தது. புது சென்சார் போட்டிருந்தாலும் பாலத்தில் நின்றிருக்கும்.

நம் ஊரில் இது அபூர்வமே இல்லை. தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் வரும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் ராத்திரி சூடாக நிற்கும் கார் அதற்கு வசதியான இடம். எலி வராமல் இருக்கப் புகையிலை கட்டிவைத்தவர்கள் வண்டியிலும் எலிக்கூட்டை எடுத்திருக்கிறேன், அதை மட்டும் நம்ப வேண்டாம். போரை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள், வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டிகள் என்றால் எலி இல்லாமலேயே ஒயர்களை இணைக்கும் கப்ளருக்குள் பச்சை பூத்துவிடும், உப்புக்காற்று அப்படி. எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டை அங்கே அவசியம் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

முழுக்கச் சூடானபின் அணைந்து, ஆறினபின் எடுத்துக்கொண்டால் அது உண்மையிலேயே சென்சாராக இருக்கலாம். சூட்டில் உள்ளே இணைப்பு விட்டுவிடும். அதையும் சூடான காற்றைப் பாய்ச்சி, சிக்னல் போகிறதா என்று பார்த்துவிட்டே மாற்றலாம்.

அணையும் முன் இழுவை குறைந்து, மிஸ் அடித்து, திணறினால் எரிபொருள் பக்கம். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டும் பெட்ரோல் வண்டிகளில் பம்பு சீக்கிரம் போகும், டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான் பம்பைக் குளிர வைக்கிறது. டீசல் வண்டியில் ஃபில்டர் அடைப்பும் தண்ணீரும் முதல் சந்தேகம். ஃபில்டருக்கு அடியிலுள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால், கனமான தண்ணீர் அடியில் பிரிந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். இதை அசட்டை செய்தால் இன்ஜெக்டருக்கும் ஹை பிரஷர் பம்புக்கும் வரும் செலவு பெரியது. அறுப்பு நேரத்தில் ஏர் ஃபில்டரில் தூசு அடைவதால் இழுவை குறையும், ஆனால் அது மட்டுமே வண்டியைப் பட்டென்று நிறுத்துவது அரிது. சாலை சிக்னலில் கிளட்ச் மிதித்தவுடன் அணைந்தால், எஞ்சினுக்குள் காற்றை அளந்து விடும் திராட்டில் பாடியில் கரி பிடித்திருக்கும், பெரும்பாலும் சுத்தம் செய்தாலே போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீருக்குள் அணைந்த வண்டிக்கு மட்டும் வேறு விதி. செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்ஷூரன்ஸில் பொதுவாக இதற்குப் பணம் வராது, எஞ்சின் புரொடெக்ட் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். ஆட்களை வைத்துத் தள்ளி மேட்டில் ஏற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பட்டறைக்கு வருமுன் பேட்டரியைக் கழற்றி மாட்டாதீர்கள். பல வண்டிகளில் பதிந்த கோடும், அணைந்த நேரத்து வேகம், எஞ்சின் சூடு போன்ற விவரமும் அதோடு அழிந்துபோகும். எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், அது கெட்டிருப்பதை எப்படிச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். மாற்றிய பழையதைக் கையில் வாங்குங்கள். வண்டியை எடுக்கும்போது, எந்தச் சூழ்நிலையில் நின்றதோ அதே பாலமோ, அதே சூடோ, அதே வேகமோ வரும்படி மெக்கானிக்கைக் கூட உட்காரவைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.