டிஸ்க்ளோஷர்: வெளியிடலா, தருகையா?

'டிஸ்க்ளோஷர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் இருப்பது 'மூடு' என்னும் வினை. லத்தீனில் கிளௌதெரே என்றால் மூடுதல். அதன் முன் 'டிஸ்' என்ற எதிர்மறை ஒட்டுச் சேர்ந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நேர்ப்பொருள், மூடியதைத் திறத்தல். குளோஸ், என்குளோஷர், எக்ஸ்குளூட் ஆகியவை அதே வேரில் கிளைத்தவை. சட்டத்தின் உட்பிரிவைக் குறிக்கும் 'கிளாஸ்' கூட அந்தக் குடும்பம்தான். திறக்கச் சொல்லும் சொல்லும், திறக்காதே என்று தடுக்கும் உட்பிரிவின் பெயரும் உடன்பிறப்புகள் என்று தெரிந்தால், காவல்துறையிடம் மனுப்போட்டுப் பழகியவர்கள் சிரிப்பார்கள்.

காவல்துறை வட்டாரத்தில் இச்சொல் மூன்று வேலை பார்க்கிறது. முதலாவது, பிடிபட்டவர் வாய்திறந்து சொல்வது. அவர் சொன்ன இடத்தில் பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு தொடர்புடைய பேச்சு மட்டும் சாட்சியமாகும். பழைய சாட்சியச் சட்டத்தில் 27ஆம் பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 23ஆம் பிரிவுக்குள் வருகிறது. இரண்டாவது, அரசுத் தரப்பு தன் கையிலுள்ள ஆவணங்களைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுப்பது. பிரிட்டனில் இதற்கென்றே 1996இல் ஒரு சட்டம் வந்தது. வழக்கில் பயன்படுத்தாத ஆவணமாக இருந்தாலும், அது அரசுத் தரப்பைப் பலவீனப்படுத்தக்கூடியது என்றால் எதிர்த்தரப்புக்குத் தந்தாக வேண்டும். அங்கே காவல்துறையில் இதைக் கவனிப்பவருக்கு 'டிஸ்க்ளோஷர் ஆபீசர்' என்றே பெயர். மூன்றாவது, பொதுமக்கள் கேட்டதைக் கொடுப்பது. அங்கே 2000ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டமும் 2018ஆம் ஆண்டின் தரவுச் சட்டமும் இதை ஆள்கின்றன. ஒன்று கொடு என்கிறது, மற்றொன்று காப்பாற்று என்கிறது. இரண்டையும் ஒருவரே மேற்பார்க்கும்போதுதான் இந்தச் சொல்லின் இக்கட்டு தெரிகிறது.

தமிழில் அகராதியைத் திறந்தால் முதலில் கிடைப்பது 'வெளிப்படுத்தல்'. குமரி மாவட்டத்தில் இச்சொல்லைக் காதில் வாங்கும் பாதிப்பேருக்கு நினைவு வேறெங்கோ போகும். சீர்திருத்தச் சபையாரின் வேதாகமத்தில் கடைசிப் புத்தகம் 'வெளிப்படுத்தின விசேஷம்'; கத்தோலிக்கருக்கு அது 'திருவெளிப்பாடு'. விளவங்கோடு பக்கம் மலையாளப் பத்திரிகை படிப்பவர்களுக்கோ 'வெளிப்பெடுத்தல்' என்றால் யாரோ ஒரு பிரமுகரைப் பற்றி யாரோ ஒருவர் போட்டுடைத்த இரகசியம். காவல் நிலையத்தில் ஒரு நகல் வாங்குவதற்கு இவ்வளவு இடியும் மின்னலும் வேண்டாம்.

அடுத்தது 'வெளியிடல்'. நல்ல சொல்தான், ஆனால் அது ஊரறியச் செய்வது. முதல் தகவல் அறிக்கைக்கு இது பொருந்தும். பதிவான 24 மணி நேரத்துக்குள் அதைக் காவல்துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள், போக்சோ வழக்குகள், பயங்கரவாத வழக்குகள் போன்றவற்றுக்கு விலக்கும் தந்தது. ஆக, கோட்டாரிலோ தக்கலையிலோ பதிவாகும் சாதாரண அடிதடி வழக்கின் அறிக்கையைத் தூத்துக்குடியில் இருப்பவரும் படிக்கலாம். குற்றப்பத்திரிகை அப்படி இல்லை. அதையும் இணையத்தில் ஏற்றச் சொல்லி வந்த வழக்கை 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் தள்ளிவிட்டது. குற்றப்பத்திரிகை பொது ஆவணம் ஆகாது என்றது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதன் நகல் உரிமை. அவர் ஆஜரான 14 நாட்களுக்குள் தரவேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 230ஆம் பிரிவு சொல்கிறது.

இரண்டையும் ஆங்கிலம் 'டிஸ்க்ளோஷர்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறது. தமிழுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஊருக்குச் சொல்வது வேறு, உரியவருக்குக் கொடுப்பது வேறு. மூன்றாவதாக ஒன்றும் உண்டு, கசிவு. மனு ஏற்புச் சான்றான சி.எஸ்.ஆர். ரசீதை ஒருவர் தொலைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், அது வெளியிடலும் ஆகாது, கொடுப்பதும் ஆகாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் அதில் இருந்தால் அது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 72ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை உண்டு. குழந்தையின் அடையாளம் என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு குறுக்கே வரும்.

உரியவருக்குக் கொடுப்பதற்கு அரசுத் தமிழில் நிலைத்துவிட்ட சொல் 'தகவல் அளித்தல்'. எனக்கு இதில் ஒரு சிறு மனத்தாங்கல். பழந்தமிழில் 'அளி' என்றால் அருள். அரசன் குடிகளுக்கு அளிப்பான், குடிகள் வாங்கிக்கொள்வார்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்த உறவைத்தான் மாற்ற வந்தது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு எழுதுபவர் அருளை வேண்டி நிற்பதில்லை. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்று அச்சட்டத்தின் 6ஆம் பிரிவே கூறுகிறது.

தொல்காப்பியம் இதற்கு வழிகாட்டுகிறது. கேட்கும் சொற்களாக ஈ, தா, கொடு என்று மூன்றைச் சொல்லி, தாழ்ந்தவர் 'ஈ' என்பார், ஒத்தவர் 'தா' என்பார், உயர்ந்தவர் 'கொடு' என்பார் என்று பிரித்து வைக்கிறது. இன்றைய பேச்சில் இந்த வேறுபாடு தேய்ந்துபோயிற்று. என்றாலும் சொல் தேடும்போது பழைய நுட்பம் கைகொடுக்கிறது. ஒத்தவர் கேட்கும் 'தா'விலிருந்து வரும் 'தருகை'யே என் பரிந்துரை. ஊருக்கு என்றால் வெளியிடல், உரியவருக்கு என்றால் தருகை.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. 'டேட்டா' என்பதற்கு நாம் வைத்திருக்கும் 'தரவு' அதே வினையிலிருந்து வந்தது. டேட்டாவும் லத்தீனில் 'கொடு' என்ற வினையின் பிள்ளை. 'தரப்பட்டவை' என்பது பொருள். தரவு என்பது யாப்பில் ஏற்கெனவே இருந்த சொல். கலிப்பாவின் முதல் உறுப்பு அதுதான். தாழிசையும் சுரிதகமும் அதற்குப் பின்னால் வரும். பாட்டிலிருந்து கணினிக்கு வந்தும் அது கூசாமல் நிற்கிறது. காவல்துறைத் தரவு மட்டும் பெயருக்கு முழுக்கப் பொருந்துவதில்லை. கைரேகையும் கருவிழிப் படமும் மனமுவந்து தரப்படுபவை என்று சொல்ல முடியாது. 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், அவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்க அனுமதிக்கிறது.

இனி 'டேட்டா புரொடெக்‌ஷன்'. உலகின் முதல் தரவுக் காப்புச் சட்டம் ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் 1970இல் வந்தது. அங்கே அதன் பெயர் 'டாட்டென்ஷுட்ஸ்'. ஷுட்ஸ் என்றால் காப்பு. காக்கப்படுவது தரவு என்று பெயர் சொன்னாலும், உண்மையில் காக்கப்படுவது அந்தத் தரவுக்கு உரிய ஆள். தமிழில் குழப்பம் இன்னும் ஒருபடி கூடுகிறது. செக்யூரிட்டிக்கும் புரொடெக்‌ஷனுக்கும் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லைப் போடுகிறோம். ஸ்டேஷன் ரைட்டர் பதிவேட்டு அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வது செக்யூரிட்டி. சாவி வைத்திருப்பவரே தேவையில்லாமல் பதிவேட்டைப் புரட்டக்கூடாது என்பதுதான் புரொடெக்‌ஷன். முதலாவதைத் தரவுப் பாதுகாப்பு என்றும், இரண்டாவதைத் தரவுக் காப்பு என்றும் பிரித்துக்கொள்ளலாம். காவலும் காப்பும் 'கா' என்ற ஒரே வேர்தான். காவல்துறைக்குள்ளேயே ஒரு காப்புத் தேவைப்படுகிறது என்பது சற்று வேடிக்கைதான்.

ஆவணத்தை மதிலுக்குள் வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. குமரி மாவட்டம் முதலில் திருவிதாங்கூரின் பகுதி; 1949 முதல் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதி. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலின் ஓலைச் சுருணைகளுக்கு 'மதிலகம்' ஆவணங்கள் என்றே பெயர். மதிலின் அகத்தே இருந்தவை, உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் உரியவை. நம் அலுவலகங்களில் கோப்பைப் பற்றிய மனப்பான்மை பெரும்பாலும் அந்த மதிலகத்திலேயே நிற்கிறது என்பது என் எண்ணம்.

குளச்சலிலிருந்து வளைகுடா வேலைக்குப் புறப்படும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டுக்குக் காட்ட அவருக்குக் காவல்துறைச் சான்று வேண்டும், பி.சி.சி. என்றால் இங்கே வீட்டுக்கு வீடு தெரியும். அவர் மேல் வழக்கு இருக்கிறதா இல்லையா என்பது காவல்துறையிடம் உள்ள தரவு. அவரே கேட்டு அவருக்குக் கிடைத்தால் தருகை. அதே விவரம் அவரோடு வரப்புத் தகராறில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காதோடு காதாகப் போனால் கசிவு. ஒரே வரி, ஒரே பதிவேடு. வேறுபடுவது வாங்கும் ஆள் மட்டுமே. மேற்பார்க்கும் அலுவலர் தாளைப் பார்ப்பதற்கு முன் யாருக்கு என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

இங்கே அந்த வேலையின் பெரும்பகுதி பொதுத் தகவல் அலுவலர் தலையில் விழுகிறது. கொடுக்க 30 நாள். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் பற்றிய கேள்வி என்றால் 48 மணி நேரம். மறுக்கும்போது காவல்துறை பெரும்பாலும் நாடுவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(எச்): விசாரணைக்கு இடையூறு. விசாரணை நடக்கிறது என்பதாலேயே மறுக்க முடியாது, கொடுத்தால் எப்படி இடையூறு ஆகும் என்று காட்ட வேண்டும் என்று 2007இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. துப்புக் கொடுத்தவரின் பெயரைக் காப்பது 8(1)(ஜி). அதற்காக முழுக் கோப்பையும் மூட வேண்டியதில்லை. 10ஆம் பிரிவின்படி அந்தப் பெயரைக் கறுப்பு மையால் மறைத்துவிட்டு மற்றதைத் தரலாம். பலரும் எட்டிப் பார்க்காத பிரிவு இது. காப்பும் தருகையும் ஒரே தாளில் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. உளவுப் பிரிவுகளுக்கு மாநில அரசு 24ஆம் பிரிவில் விலக்குத் தரலாம்; அப்போதும் ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகள் அந்த விலக்குக்கு வெளியே நிற்கும்.

அண்மையில் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டம் குற்றத் தடுப்பு, புலனாய்வு ஆகியவற்றுக்கு அதன் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்குத் தந்தது. அதோடு நிற்காமல், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) உட்பிரிவையும் சுருக்கியது. முன்பு, தனிப்பட்ட விவரத்தை மறுக்க வேண்டுமானால் அது பொதுப் பணியோடு தொடர்பற்றது என்றோ, தந்தால் அந்தரங்கத்தில் தேவையற்ற தலையீடு ஆகும் என்றோ காட்ட வேண்டியிருந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததைக் குடிமக்களுக்கும் மறுக்கக்கூடாது என்ற வரியும் அங்கே இருந்தது. 2025 நவம்பரில் இந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இப்போது தனிநபர் தகவல் என்ற ஒரு சொல்லே மறுக்கப் போதும். ஆனால் 8(2) தொடப்படவில்லை. கேடு விளைவதைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்று அது இன்னும் சொல்கிறது. ஆகவே நாகர்கோவிலுக்கு மனு எழுதுகிறவர்கள், கேட்கும் விவரத்தில் யாருடைய பெயராவது வரும் என்று தெரிந்தால், முதல் மனுவிலேயே 8(2)ஐக் குறிப்பிட்டு, பொதுநலன் இன்னதென்று இரண்டு வரி சேர்த்து, 10ஆம் பிரிவின்படி பெயரை மறைத்தாவது நகல் தருமாறு கேட்பது நல்லது.