வெப்பங்கொள் வினை, வெப்ப உமிழ் வினை

பொங்கலுக்கு வெள்ளையடிக்க அப்பா கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி வருவார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு பழைய தகர டின். அதில் சுட்ட கிளிஞ்சலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால், கொஞ்ச நேரத்தில் படபடவென்று வெடித்துப் பூத்து, டின் முழுக்கத் தளதளவென்று கொதிக்கும். அடியில் நெருப்பே இல்லை. "கிட்டப் போவாத, கண்ணுல தெறிச்சிடும்" என்று அம்மா கையைப் பிடித்து இழுப்பார்.

இப்படி வெப்பத்தை வெளியே தள்ளும் வேதிவினைதான் எக்ஸோதெர்மிக். சுற்றியுள்ள வெப்பத்தை வாங்கிக்கொண்டு நடப்பது எண்டோதெர்மிக். இரண்டு சொல்லையும் 19ஆம் நூற்றாண்டில் ஆக்கியவர் மார்சலன் பெர்த்தலோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர். கிரேக்கத்தில் எக்ஸோ வெளியே, எண்டோ உள்ளே, தெர்மே வெப்பம். இலங்கையில் இதையே ஒட்டிப் புறவெப்பத் தாக்கம், அகவெப்பத் தாக்கம் என்கிறார்கள். நம் பாடநூல்களில் வெப்ப உமிழ் வினை, வெப்பக்கொள் வினை.

எனக்கு நம் பக்கத்துச் சொல்லே உகந்தது. அகமும் புறமும் இடத்தைக் காட்டுகின்றன. உமிழ், கொள் இரண்டும் நடப்பதையே சொல்லிவிடுகின்றன. சமையல் சோடாவில் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலக் கரைசலை ஊற்றி ஒரு பிள்ளையைத் தொடச் சொன்னேன். "சில்லுன்னு இருக்கு சார், அப்ப சூடு வெளிய போயிடுச்சு" என்றான். எல்லாப் பிள்ளைகளும் தடுக்கி விழும் இடம் இது. வினை வெப்பத்தைக் கொள்கிறது. கொடுத்தது கரைசலும் உன் விரலும், அதனால்தான் சில்லிடுகிறது என்றதும் பிடித்துக்கொண்டான். கொள்வினை கொடுப்பினை என்று சம்பந்திகள் பேசும் சொல்தானே! வெப்பக்கொள் என்பதைவிட வெப்பங்கொள் என்றே நான் எழுதுவேன், வாய்க்கு இதமாக இருக்கிறது.

சுண்ணாம்புக்குத் தமிழில் ஒரு வினைச்சொல்லே உண்டு: நீற்றுதல், அதாவது சுட்டோ நீர் விட்டோ பொடியாக்குதல். அப்பரை ஏழு நாள் அடைத்து வைத்ததாகச் சொல்லும் நீற்றறை, சுண்ணாம்புக் காளவாய்தான். கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் கரியமில வாயுவை விட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிறது. அங்கே அது கொள்ளும் வெப்பம் ஒரு மோலுக்கு, அதாவது சுமார் 100 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு, சுமார் 178 கிலோஜூல். தகர டின்னில் தண்ணீர் பட்டதும் திருப்பித் தருவது 65 கிலோஜூல்தான்.

மிச்சம் 113 எங்கே? சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல இழுத்து மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகி இறுகும்போது அந்த 113 கிலோஜூலும் வெளியேறுகிறது. புதுச்சேரி பிரெஞ்சுத் தெருக்களின் பழைய சுண்ணாம்புச் சுவர்களும் அப்படி இறுகியவைதான். நாள்கணக்கில், மாதக்கணக்கில் கொஞ்சங்கொஞ்சமாக உமிழ்வதால், சுவரில் கை வைத்தவருக்கு அந்தச் சூடு தெரிந்திருக்காது.